மழை காய்ச்சிய வெந்நீர்

சௌகத் அலிக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் பிரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பார்க்காமல் வரமாட்டான். கல்யாண வீடாகட்டும், துக்க வீடாகட்டும், கை தானாகப் பின்பக்கம் போகும். ஏசி போட்ட நகைக்கடை என்றால் உள்ளே நுழைவதற்கு முன் பக்கத்துச் சந்துக்குள் போய், வெளியே தள்ளும் அனல்காற்றில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பான். “பாரு நஃபீசா, இவ்ளோ சூட்டையும் தெருவுல கொட்றானுங்க. இத்தப் புடிச்சா ஒரு தெருவுக்கே வெந்நி காய்ச்சலாம்!” என்பான். பெண்டாட்டிக்கு மானம் போகும். “கம்மல் வாங்க வந்தமா, வெந்நி காய்ச்ச வந்தமா?” என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

மேற்குத் தாம்பரத்தில் கடப்பேரிப் பக்கம் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்தான். மீசை முளைக்கும் முன்பே ஸ்பேனர் பிடித்த கை. கல்யாணமான கையோடு சவூதிக்குப் போய், தமாமில் ஏசி மெக்கானிக்காக வெந்து தணிந்தவன். மகள் கைனாத் பிறந்த சேதி அவனுக்கு டெலிபோனில்தான் வந்தது. லீவில் வந்து முதன்முதலாக அவளைப் பார்த்தபோது அவள் நடந்து, ஓடி, வாயாடவும் கற்றிருந்தாள். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அவன் ஆசையாகக் கையை நீட்ட, அந்தக் குட்டி வீலென்று கத்திக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. பெற்ற பிள்ளை பயந்து ஓடுவதைப் பார்த்தவனுக்கு அதற்குமேல் சம்பாத்தியம் இனிக்குமா? “இனி கொன்னாலும் போமாட்டேன்” என்று அங்கேயே, டாக்சிக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டான்.

சொல்வது சுலபம். 2005-இல் நிலைமை என்ன தெரியுமா? பிரிட்ஜ் விற்கிற கம்பெனிகளே தெருத்தெருவாக சர்வீஸ் வேன் விட ஆரம்பித்திருந்தன. சௌகத்தின் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான் மிச்சம். தமாமில் சூப்பர்வைசராகிவிட்ட மச்சான் அசார், அதாவது நஃபீசாவின் அண்ணன், வாரம் தவறாமல் போன் போட்டான். “மச்சான், விசா ரெடி. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள வந்து சேரணும். இத விட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க.” கார்த்திகைக் கடைசியில்தான் நஃபீசாவுக்கு இரண்டாவது பிரசவம். போனால் இந்தப் பிள்ளையும் டெலிபோனில்தான் பிறக்கும். நஃபீசா ‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பான். அவள் பேசாமல் அவனுடைய பழைய சூட்கேசை இறக்கித் துடைத்து வைத்ததுதான் அவனைப் போட்டு வாட்டியது.

அந்தச் சமயத்தில்தான் சேலையூர் பிரசவ ஆஸ்பத்திரி சமாசாரம் வந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டயரான ஜெயசீலி சிஸ்டர் அங்கே ஒரு மாடிக் கட்டடத்தில் சின்னதாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த சிசுவுக்கும் நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். நாலு அறையிலும் கீசர் போட்டால் பியூஸ் போகும். கொல்லையில் விறகு வைத்தால் புகை நேராக வார்டுக்குள் வரும். பிரிட்ஜ் ரிப்பேருக்குப் போன சௌகத், வழக்கப்படி அதன் முதுகைத் தொட்டுக்கொண்டே சிஸ்டரின் புலம்பலைக் கேட்டான். கேட்டவனுக்குப் பொறி தட்டியது!

தாம்பரத்தில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் சுப்ரமணியன் என்று ஒரு புரொபசர். ஆராய்ச்சிக்காக அவர் முன்பு ஒரு யந்திரம் கட்டினார். அதற்குக் குழாய் பற்றவைத்துக் கொடுத்தவன் சௌகத்தான். அவர் வேலைக்காரன் என்று பார்க்காமல் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். விஷயம் இதுதான்: மொட்டைமாடியில் ஒரு கறுப்புச் செப்புத் தகடு. அதன் அடியில் வளைந்து வளைந்து ஓடும் குழாயில், பிரிட்ஜில் ஓடுகிற அதே கேஸ். அந்தக் கேஸ் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், வெயிலின் சூடு மட்டுமல்ல, வெறும் காற்றின் சூடும் அதற்குள் தானாக இறங்கும். கம்ப்ரசர் அந்தக் கேஸை அமுக்கி இன்னும் சூடேற்றி, கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி மேலே அனுப்பும். கரண்ட் செலவு கம்ப்ரசர் ஓடுவதற்கு மட்டும்தான். கரண்டாகக் கொடுப்பது ஒரு பங்கு என்றால், தொட்டியில் சேரும் சூடு மூன்று பங்கு. வெயில் கொளுத்தினால் நாலு பங்குகூட வரும். சோலார் ஹீட் பம்ப் என்று பேர். சௌகத் அதற்கு வைத்த பேர், ‘தலைகீழ் பிரிட்ஜ்’.

“சிஸ்டர், நான் கட்டித் தரேன்! ஒரு கீசர் இழுக்கற கரண்ட்டுல பாதிகூட இழுக்காது, முழு ஆஸ்பத்திரிக்கும் வெந்நி வரும்” என்றான் சௌகத், பிரிட்ஜைத் தட்டிக்கொண்டே.

சிஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “பாய், எனக்கு டெமோ எல்லாம் வேண்டாம். கைக்குழந்தைங்க இருக்கிற இடம். வெயில்ல யார் வேணும்னாலும் வெந்நீர் காய்ச்சலாம். மழைக்காலத்துல வேலை செய்யுதான்னு பார்ப்பேன். செஞ்சா பக்கத்துல கட்டற புது பில்டிங்குக்கும் நீங்களே போடுங்க, எனக்குத் தெரிஞ்ச ஹாஸ்டல், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் சொல்றேன். செய்யலைன்னா கழட்டிட்டுப் போயிடணும். ஓகே?”

“டபுள் ஓகே சிஸ்டர்!” என்றான். ஆழம் பார்த்தா காலை விட்டான்? சௌகத்துக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

வீட்டுக்கு வந்து நஃபீசாவிடம் குதித்துக்கொண்டே சொன்னான். இது ஜெயித்தால் தமாம் வேண்டாம், மழைக்காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும் என்றான். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், “மழையில வெயில் மெஷினா?” என்று கேட்டாள். “காத்துலயும் சூடு கீதுடி!” என்றான். “இருந்தா சரி” என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்கு இரண்டு முட்டை அதிகமாக விழுந்தது.

ஆவணி வெயிலில் வேலை நடந்தது. ஒரு பழைய ஜன்னல் ஏசியின் கம்ப்ரசரைப் பிரித்து மேய்ந்து புதுசாக்கினான். செப்புத் தகட்டைத் தெற்கு பார்த்துச் சாய்த்து நிறுத்திக் கறுப்பு அடித்தான். சூடு வெளியே போகாதபடி கீழே தொட்டிக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றினான். காலையில் ஓடவிட்ட மெஷின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கும் தண்ணீரைக் கொட்டியது. சிஸ்டர் விரலை நீட்டிவிட்டு “ஆ!” என்று உதறினார். கம்ப்ரசரோ தேமேயென்று, பூனை உறுமுகிற அளவுக்குத்தான் சத்தம் போட்டது. சௌகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் தன் கையாலேயே டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் முத்தாலம்மாள். கோவளம் கடற்கரையில் மீன் விற்றும் கருவாடு காயப்போட்டும் பிழைத்தவள். முந்தைய டிசம்பரில் கடல் பொங்கி வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு, “அந்தத் தண்ணி மூஞ்சிலயே முயிக்க மாட்டேன்” என்று செம்பாக்கத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டாள். பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. விறகும் புகையும் இல்லாமல் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறதே என்று அவளுக்கு அந்த மெஷின்மேல் உயிர். “பாய், நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன் இத்த, என் புள்ள கணக்கா” என்று சத்தியமே செய்தாள். மொட்டைமாடிக்கு ஏறி இறங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். சிஸ்டருக்கு முழங்கால் வலி. அந்தப் படிக்கட்டை அவர் கீழிருந்து பார்ப்பதோடு சரி.

புரட்டாசி முழுக்க மெஷின் ராஜநடை போட்டது. மேகம் மூடிய நாளிலும், வெயில் ஏறாத விடியற்காலையிலும் சளைக்கவில்லை. கொஞ்சம் நிதானமாக, ஆனாலும் குளிக்கிற சூட்டுக்குக் குறையாமல் தண்ணீர் காய்ந்தது. “பாத்தியா, காத்துல சூடு கீது!” என்று நஃபீசாவிடம் மார்தட்டினான். அசாரிடம், “மச்சான், ஒரு மாசம் பொறு. நான் வரமாட்டேன் போலக் கீது” என்றான். “போலக் கீதுன்னா? டிக்கெட் போட்டாச்சு மச்சான்!” என்று அந்தப் பக்கம் அசார் கத்தினான்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷத்து மழையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேய்மழை! முதல் பெருமழை பிடித்த அன்று சிஸ்டரிடமிருந்து போன். “பாய், தண்ணி பச்சைத் தண்ணியா வருது. குளிப்பாட்ட முடியலை. மறுபடி விறகு வெச்சிருக்கோம்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். சௌகத் பதறிக்கொண்டு கிளம்பினான். ஆனால் கடப்பேரியிலிருந்து சேலையூர் போக வேண்டுமானால் ரயில்பாதைக்கு அந்தண்டை, கிழக்குப் பக்கம் வரவேண்டும். மழை பிடித்தால் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அவனுடைய மொபெட் அதில் இறங்கினால் மூச்சு நின்றுவிடும். மழை விட்டு, தண்ணீர் வடிந்து, அவன் போய்ச் சேர்ந்தபோது மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் பிரஷர் சரி. கம்ப்ரசர் சரி. தண்ணீரும் ஏறுசூட்டில் இருந்தது. சௌகத் தலையைச் சொறிந்தான்.

அடுத்த மழைக்கும் இதே கதை. அதற்கடுத்த மழைக்கும் இதே. மழை பெய்யும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். அவன் வந்து நின்றால் ஒழுங்காகக் காயும். “உங்க மெஷினுக்கு உங்களைப் பார்த்தாதான் பயம் போல இருக்கு பாய்” என்றார் சிஸ்டர். அவர் சிரித்தபடிதான் சொன்னார். அவனுக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வால்வை மாற்றினான். கேஸைக் கொஞ்சம் கூட்டினான், பிறகு குறைத்தான். மழைநேரத்தில் வோல்டேஜ் குறைகிறதோ என்று மின்சார வாரியத்தைத் திட்டினான். பாவம், அவர்கள் இந்த ஒரு விஷயத்தில் நிரபராதிகள்.

சுப்ரமணியன் சாருக்குப் போன் போட்டான். அவர் உண்மையை மறைக்காத மனுஷன். “சௌகத், நான் அளந்ததெல்லாம் வெயில் நாள்லதான். மழை வந்தா நாங்க ரீடிங் எடுக்கறதையே நிறுத்திடுவோம். ஆனா கணக்குப்படி இவ்வளவு மோசமா விழக்கூடாது. ஏதோ தகட்டுக்கு சூடே போய்ச் சேராத மாதிரி இருக்கு” என்றார். “மழைல ஏது சார் சூடு?” என்று சௌகத் சோர்ந்துபோய்க் கேட்டான். 

டிக்கெட் போட்ட வெள்ளிக்கிழமை நெருங்கியது. சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: “அடுத்த மழைதான் கடைசி பாய். குழந்தைங்க விஷயத்துல நான் ரிஸ்க் எடுக்க முடியாது. தப்பா நெனைக்காதீங்க.” அவர் சொன்னதில் என்ன தப்பு? வீட்டில் நஃபீசா அவன் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறைமாத வயிறு பெட்டிமேல் இடித்தது. “குனியாத, நான் எடுத்து வச்சிக்கறேன்” என்றான். “இப்ப நான் வைக்கறேன். அங்க போனா நீங்கதான வைக்கணும்” என்றாள். அதைக் கேட்டவன் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

புதன்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. முதல் சொட்டு கடைவாசல் தகரத்தில் விழுந்ததும் சௌகத் எழுந்தான். ‘மழை விட்டதும் போனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். இந்தத் தடவை மழையிலேயே போய்ப் பார்த்துவிடுவது. கெட்டாலும் என் கண்ணெதிரில் கெடட்டும்!’ மொபெட்டை அங்கேயே விட்டான். குடைகூட எடுக்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கி, வேளச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடினான். ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. இன்னொன்றை அவனே கழற்றி வீசினான். ஆஸ்பத்திரிக்குள் சொட்டச் சொட்ட நுழைந்தவனைப் பார்த்து சிஸ்டர், “ஐயோ பாய், டவல்!” என்று கத்துவதற்குள் இரண்டு இரண்டு படியாகத் தாவி மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

போனவன் கல்லாக நின்றான். தகட்டைக் காணோம்!

தகடு இருந்தது. அதன்மேல் நீலத் தார்ப்பாய். சும்மா போர்த்தியிருந்தாலும் பரவாயில்லை. அடிப்பக்கம் வரை சுற்றி, காற்று நுழைய ஓட்டை இல்லாமல், சோற்றுப் பொட்டலம் கட்டுகிற மாதிரி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் முத்தாலம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, காற்றில் தளர்ந்த ஒரு முடிச்சைக் காலால் மிதித்து மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆயாம்மா! இன்னா பண்றே?”

“இன்னா பாய் இப்புடி கேக்கற? மழை வருதில்ல, மூடிக்கீறேன்” என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

“எப்பவும் மூடுவியா?”

“பின்ன? மொட்டமாடில காயறத மழைல வுட்டுடுவாங்களா? மழை நின்னா பிரிச்சு, பாய ஒணத்தி மடிச்சு வச்சுடுவேன். ஒரு நாள் தப்புனதில்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“இதுல சொல்றதுக்கு இன்னா கீது? கருவாடு மேல மழை வுய்ந்தா மூடுவாங்க. இத்தப் போயி ஊருக்கு டமாரம் அடிப்பாங்களா?”

சௌகத்துக்கு வந்த கோபத்தில் அந்தத் தார்ப்பாயையும் அவளையும் சேர்த்துக் கடலில் எறிந்துவிடலாம் போல இருந்தது. “என் குடியவே கெடுத்துட்டியே! ஒரு மாசமா பேஜார் புடிச்சு அலையறேன்! காத்தே போவாம கட்டி வச்சா அது எங்கிருந்து சூடு எடுக்கும்?” என்று கத்தினான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தகட்டுக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. சுப்ரமணியன் சார் போனில் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

முத்தாலம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. “நான் கெடுக்கணும்னா மூடுனேன்?” என்றாள். மழையில் அவள் குரல் பாதிதான் கேட்டது. “இந்த மெஷின் கெட்டுப்போனா நீ சீமைக்குப் பூடுவேன்னு சிஸ்டர் சொல்லிச்சு. உன் வூட்டுப் பொண்ணு வாயும் வயிறுமா இங்க செக்கப்புக்கு வருது. நீ இல்லாம அது தவிக்கக் கூடாதுன்னுதான் பாய் ஒரு பொட்டுத் தண்ணி படாம பாத்துகினேன். என் கருவாட்டக்கூட நான் இப்புடி காபந்து பண்ணதில்ல.”

இப்படி ஒரு வார்த்தை வந்து விழுந்தால் எவனால் மேற்கொண்டு கத்த முடியும்? சௌகத் அவள் சாக்கைப் பிடித்து அவளை ஓரமாக நிறுத்தினான். “சரி, சரி, ஆயாம்மா. தப்பு என்மேலதான். மூடாதேன்னு நான் சொல்லல இல்ல. இப்ப அவுக்கலாம், வா” என்றான். அவுக்கலாம் என்று சொல்லிவிட்டானே தவிர, கடற்கரைக்காரி போட்ட முடிச்சு அவனுக்கு மசியவில்லை. நகம் பெயர்ந்தது. “தள்ளு நீ, இது புயலுக்கே அவுராது” என்று அவளே குனிந்து ஒரு சொடுக்கில் பிரித்தாள். இரண்டு பேருமாகத் தார்ப்பாயை உருவினார்கள்.

தகடு முழுக்க வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி! பழைய பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அப்பியிருக்குமே, அந்த மாதிரி. தனக்கு வேண்டிய சூடு எங்கும் கிடைக்காமல் அது தன்னைத்தானே உறைய வைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் மழை சடசடவென்று விழுந்தது. சௌகத் பார்த்துக்கொண்டே நின்றான். மழைத்துளி பட்ட இடமெல்லாம் பனிக்கட்டி வெடித்து, சில்லு சில்லாக வழுகி இறங்கியது. கறுப்புத் தகடு மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவன் கேஸ் பிரஷர் காட்டும் கேஜைப் பார்த்தான். கீழே படுத்துக் கிடந்த முள் அசைந்தது. ஏறியது. இன்னும் ஏறியது!

அவன் மழையில் உள்ளங்கையை நீட்டினான். மழைத்தண்ணீர், சாதாரண மழைத்தண்ணீர். பிறகு தகட்டின் கீழ்விளிம்பிலிருந்து வழிகிற தண்ணீரில் கையை வைத்தான். சுரீர் என்றது.

“ஆயாம்மா! இங்க கை வை! வை சொல்றேன்!”

அவள் பயந்துகொண்டே வைத்தாள். “ஐயே, ஐஸ் கணக்கா கீது!”

“மேல விழும்போது ஐஸா கீதா?”

“இல்லியே. அது சாதா மழையாதான கீது.”

“அப்ப நடுவுல அதோட சூடு எங்க போச்சு? சொல்லு, எங்க போச்சு? கீழ! தொட்டிக்குள்ள!” சௌகத் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் ஆடினான். சத்தியமாக ஆடினான். “மழைலயும் சூடு கீது ஆயாம்மா! மழைய வச்சு வெந்நி போடறோம் நாம! உலகத்துல எவனாச்சும் மழைல வெந்நி போட்டானா?” முத்தாலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழை இன்னும் வலுத்தது. முள் இறங்காமல் உயரத்திலேயே நின்றது.

சாயங்காலம் வரை மழை விடவில்லை. சிஸ்டர் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் வெதுவெதுப்பு. பிறகு நல்ல சூடு. விளக்கு வைக்கிற நேரத்தில் விரலை வைத்துப் பார்த்தவர், வேகமாக உதறிக்கொண்டு, “பாய், இதுல பச்சைத் தண்ணி கலக்கணும் போல இருக்கே!” என்றார். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே வாளியில் ஆவி. அவர் அந்த ஆவியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் அடித்த நாள் அளவுக்குச் சூடு இல்லைதான், காய நேரமும் கூடுதலாகத்தான் ஆனது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சூடு வந்துவிட்டது. மறுநாள் பகல் முழுக்க மழை பெய்தது, பகல் முழுக்க வெந்நீரும் வந்தது. சுப்ரமணியன் சார் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தெர்மாமீட்டரோடு வந்து, குடையை முத்தாலம்மாளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே அளந்தார். “கொட்டற மழையிலயும் போட்ட கரண்ட்டுக்கு ரெண்டரை மடங்கு சூடு வருதய்யா! ஒவ்வொரு மழைக்கும் லேபைப் பூட்டிக்கிட்டுப் போனேனே, முட்டாள்!” என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். சிஸ்டர் அன்றைக்கே புது பில்டிங்கின் மொட்டைமாடியை அளக்கச் சொல்லிவிட்டார். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிற அவருடைய சிநேகிதிக்கும் போன் போனது.

சௌகத் எஸ்.டி.டி. பூத்துக்குள் ஈரச் சட்டையோடு நுழைந்து தமாமுக்கு நம்பர் போட்டான்.

“மச்சான், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு.”

“மழைய நம்பி வேலைய விடறியா மச்சான்? உனக்குக் கிறுக்கா?”

“ஆமா மச்சான், கிறுக்குதான்!” என்று சிரித்தான். பூத்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தான். அசார் கொஞ்சநேரம் திட்டினான். பிறகு, “தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

வீட்டில் போய்ச் சொன்னபோது நஃபீசா குதிக்கவில்லை, அழவும் இல்லை. அடுக்கிய சட்டைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். “மடிச்ச துணிய ஏன்டி கொடில போடறே?” என்று கேட்டான். “பெட்டி வாசம் போகட்டும்” என்றாள்.

டிக்கெட் போட்டிருந்த வெள்ளிக்கிழமை போய், கார்த்திகையும் பாதிக்குமேல் போனது. புதிதாக ஒரு புயல்மழை பிடித்த நாளில் நஃபீசாவுக்கு வலி கண்டது. ஆட்டோக்காரர் வேங்கைவாசல் வரை சுற்றி ஒருவழியாகச் சேலையூர் கொண்டுவந்து சேர்த்தார். பிரசவ அறைக்கு வெளியே சௌகத் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். உள்ளே நஃபீசா கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் இவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். தமாமில் இருந்தபோது இந்தச் சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்டதில்லை. பிரசவம் என்றால் இவ்வளவு என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் ஒரு குரல். புத்தம்புதுக் குரல், கோபமான குரல். “ஆம்பளப் புள்ள பாய்!” என்று முத்தாலம்மாள் உள்ளிருந்து கத்தினாள். கொஞ்ச நேரத்தில் வாளியில் வெந்நீர் விழுகிற சத்தம் கேட்டது. மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. அவள் குழந்தையைக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, இளஞ்சூடு மாறாமல் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். கட்டிலில் நஃபீசா துவண்டு படுத்திருந்தாள்.

பிறந்த பிள்ளையின் வலது காதில் தகப்பன் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்ல வேண்டும். சௌகத் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திரும்பி நின்று, அந்தச் சின்னக் காதருகே குனிந்து மெல்லச் சொன்னான். ஒரு வார்த்தை தவறாமல் சொல்லி முடித்தான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நஃபீசா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கைனாத் பொறந்தப்ப, லீவுல வந்திருந்த அசாரண்ணன்தான் பாங்கு சொன்னாரு” என்றாள் அவள். அத்தனை வருஷத்தில் அதைப்பற்றி அவள் பேசியதே இல்லை. “நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். நீங்கதான் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணத் தொறந்தா இல்லன்னு ஆயிடுமேன்னு, ரொம்ப நேரம் தொறக்கவே இல்ல.”

 இடது காதில், தொழுகை தொடங்குமுன் சொல்லும் இகாமத்தையும் சௌகத் சொல்ல வேண்டும். குழந்தையை மெதுவாகத் திருப்பிப் பிடித்தான். ஆரம்பித்தான், குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் நஃபீசா கண்ணை மூடவில்லை.